நாக்கு நீண்ட நாய்க்கு நல்ல உலர் உணவு: செங்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக நாய் வளர்க்கத் தொடங்கியவர்கள் வந்து சொல்கிற குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக் ஃபுட் வாங்கிப் போட்டேன், மோந்து பாத்துட்டுப் போயிருது." செங்கோட்டை, புளியரை, பண்பொழியில் மட்டுமல்ல, கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு, தென்மலையில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் வீடுகளிலும் இதே பேச்சுதான். உடனே வேறு கம்பெனிப் பை ஒன்று வாங்குவார்கள். அதையும் நாலு நாளில் ஒதுக்கிவிடும். மூன்றாவது பையில் விழுந்து விழுந்து தின்றால், அதுதான் நல்ல உணவு என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இந்த வரிசை தலைகீழ். உலர் உணவை வேகவைத்து உருண்டையாக்கி உலர்த்திய பிறகு, மேலே கொழுப்பையும் இறைச்சிச் சாற்றையும் தெளிக்கிறார்கள். நாயை இழுப்பது அந்த மேல்பூச்சு. மேல்பூச்சு தூக்கலாக இருக்கிற மட்டமான உணவு ஜெயிக்கும். உள்ளே சத்து நிறைந்து மேலே வாசனை குறைந்தது தோற்கும். நாய்க்குப் பிடித்த பையைத் தேடி அலைய வேண்டாம். நல்ல பையைத் தேர்ந்து, அதை நாய்க்குப் பிடிக்க வைக்க வேண்டும். அதற்கான படிகளைத்தான் வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

வழக்கமாகச் சாப்பிடுகிற நாய் திடீரென்று ஒதுக்கினால் அதை அடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சின்னச் சோதனை போதும். உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழித்துண்டு ஒன்றை நீட்டுங்கள். பாய்ந்து வாங்கித் தின்றுவிட்டு உலர் உணவை மட்டும் ஒதுக்கினால் அது ருசி விவகாரம். கோழியையும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் நோய் விவகாரம். கிட்டே வந்து, வாயில் எடுத்து, கடித்துவிட்டுக் கீழே போட்டால் பல்லிலோ ஈறிலோ வலி இருக்கலாம்.

நம் பகுதியில் உண்ணியும் அதிகம், ஈரமும் அதிகம். உண்ணிக் காய்ச்சல் பெரும்பாலும் பசியின்மையில்தான் தொடங்கும். ஈறு வெளிறியிருக்கிறதா, காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா, மூக்கில் இரத்தம் கசிகிறதா என்று பாருங்கள். மழை மாதங்களில் எலிக்காய்ச்சலும் உண்டு. தேங்கிய தண்ணீரில் கலந்த எலி மூத்திரத்தால் நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். வாந்தியோடு கண் வெள்ளை மஞ்சளித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு எப்போதும் கொஞ்சம் சூடாகத்தான் தெரியும் என்பதால் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது, தெர்மாமீட்டர் வேண்டும். 103-ஐத் தாண்டினால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். வளர்ந்த நாய் ஒரு நாள் முழுக்க ஒன்றுமே சாப்பிடாவிட்டாலும் போக வேண்டும். குட்டியும் மிகச் சின்ன ஜாதி நாயும் அரை நாள் பட்டினி கிடந்தாலே ஆபத்து. உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் முடியாதது என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

குடற்புழு மருந்து கொடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டதா என்பதையும் இந்தப் போக்கிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்து, நாள் முழுக்க வாயில் என்ன போகிறது என்று எழுதுங்கள்

நோய் இல்லை என்றால், பாதி வீடுகளில் கதை இங்கேயே முடிந்துவிடும். ஒரு தாளை எடுத்து, காலையிலிருந்து இரவு வரை வீட்டில் யார் யார் என்ன போட்டார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். ஆச்சி போட்டதையும் சேர்த்து.

நம் தெருக்களில் பொமரேனியன் என்று வளர்க்கிற சின்ன வெள்ளை நாயை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 6 கிலோ, கருத்தடை செய்தது. அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 430 கிலோ கலோரி போதும். காலையில் அரை டம்ளர் பால், அதாவது 100 மில்லி: 65. மாரி பிஸ்கட் நாலு: ஏறக்குறைய 100. தாத்தா காபி குடிக்கும்போது பிய்த்துப் போட்ட ஒரு இட்லி: 60 வரும். கணக்கு இப்போதே பாதியைத் தாண்டிவிட்டது. மதியம் தயிர்ச்சாதம் ஒரு கை, ராத்திரி கோழிக்குழம்பில் பிசைந்த சோறு. இதன் நடுவில் கிண்ணத்தில் கிடக்கும் உலர் உணவை அது ஏன் தொட வேண்டும்? அந்த நாய்க்குப் பசியே இல்லை. நாக்கு நீண்டுவிட்டது என்று அதன்மேல் பழி சொல்வது நியாயம் இல்லை.

நொறுக்கு, பால், பிஸ்கட் எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். அந்த 6 கிலோ நாய்க்கு அது 43 கிலோ கலோரி. அரை முட்டைக்குக் கொஞ்சம் கூட. இந்தக் கட்டுப்பாட்டை வீட்டில் எல்லோரும் ஒரு வாரம் கடைப்பிடித்தால், புதுப் பை வாங்காமலேயே பல நாய்கள் கிண்ணத்தைக் காலி செய்யும். செய்தால், இந்தக் கட்டுரையில் உங்களுக்கு மிச்சம் இருக்கும் வேலை இப்போது போடுவது நல்ல உணவா என்று சரிபார்ப்பது மட்டும்.

குழம்புச் சோற்றைப் பற்றி இன்னொன்று. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. திராட்சை, அது கம்பத்துப் பன்னீர் திராட்சையானாலும் உலர்ந்த கிஸ்மிஸ் ஆனாலும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும், சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாயும் விஷம். வெந்த கோழி எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். பச்சை மரச்சீனிக்கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, தோட்டத்தில் பிடுங்கிப் போட்டதைக் கடிக்க விடாதீர்கள்.

பையைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள்

முன்பக்கத்தில் வறுத்த கோழியும் பளபளக்கும் நாயும் இருக்கும். அதற்கு எந்த மதிப்பும் கொடுக்காமல் பையைத் திருப்புங்கள். பின்பக்கம் எல்லாம் இங்கிலீஷில்தான் அச்சாகியிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் படிக்கச் சொன்னாலும் சரி, மூன்று இடங்களைப் பார்த்தாக வேண்டும்.

முதல் இடம், "கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு" என்ற வரி. இந்த உணவை மட்டும் போட்டாலே நாய்க்கு வேண்டிய எல்லாச் சத்தும் சரியான அளவில் கிடைத்துவிடும் என்று பொருள். "காம்ப்ளிமென்ட்டரி" என்றோ "டிரீட்" என்றோ இருந்தால் அது துணைத் தீனி. அதையே முழுச் சாப்பாடாகப் போடக் கூடாது. இந்த வரியோடு ஏ.ஏ.எஃப்.சி.ஓ. அல்லது ஃபெடியாஃப் என்ற பெயர் இருக்கும். முன்னது அமெரிக்க அளவுகோல், பின்னது ஐரோப்பிய அளவுகோல். இவை எந்தப் பையையும் சோதித்து முத்திரை குத்துவதில்லை. அளவுகோலை வகுத்துக் கொடுக்கின்றன, அதற்கு ஏற்பத் தயாரித்தோம் என்று கம்பெனி சொல்கிறது. எந்த வயதுக்கு என்பதும் அதே இடத்தில் இருக்கும்: "பப்பி" அல்லது "குரோத்", "அடல்ட்", "ஆல் லைஃப் ஸ்டேஜஸ்". குட்டிக்கு "அடல்ட்" பை வாங்கக் கூடாது. சின்ன ஜாதிக்கு ஒரு வயது வரையும், லாப்ரடார், ராஜபாளையம் போன்ற பெரிய ஜாதிக்கு ஒன்றரை வயது வரையும் குட்டி உணவுதான்.

கால்சியம் டானிக்கைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குட்டி வாங்கினவுடனே கால்சியம் பாட்டில் ஒன்று வாங்குவது நம் ஊர் வழக்கம். முழுச்சத்து உணவு சாப்பிடும் பெரிய ஜாதிக் குட்டிக்கு மேலே கால்சியம் ஊற்றினால் எலும்பு கோணலாக வளரும். கூடுதல் கால்சியத்தை உறிஞ்சாமல் தடுக்கிற திறன் குட்டியின் குடலுக்கு இன்னும் வந்திருக்காது. மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் ஒழிய வேண்டவே வேண்டாம்.

இரண்டாம் இடம், சத்துப் பட்டியல். "குரூட் புரோட்டீன்", "குரூட் ஃபேட்", "குரூட் ஃபைபர்", "மாய்ஸ்சர்" என்று நாலு வரி இருக்கும்: புரதம், கொழுப்பு, நார், ஈரம். ஈரத்தை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால், ஏ.ஏ.எஃப்.சி.ஓ. அளவுகோலின்படி வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதம் புரதமும் 5.5 சதம் கொழுப்பும் வேண்டும், குட்டிக்கு 22.5 சதமும் 8.5 சதமும். இது அடிமட்ட அளவு. கொஞ்சமாகக் கொறிக்கிற நாய்க்கு ஒவ்வொரு வாயும் கனமாக இருக்க வேண்டும் என்பதால், வளர்ந்த நாயாக இருந்தாலும் புரதம் 24 முதல் 28, கொழுப்பு 12 முதல் 16 சதம் உள்ள பையைத்தான் நான் எடுக்கச் சொல்வேன். உடம்பு பெருத்த நாய்க்கும், கணைய அழற்சி வந்து தேறிய நாய்க்கும் இவ்வளவு கொழுப்பு ஆகாது. அவற்றுக்கு மருத்துவர் சொல்கிற அளவுதான்.

மாவுச்சத்து எவ்வளவு என்று பையில் பெரும்பாலும் போட மாட்டார்கள். நாமே கண்டுபிடிக்கலாம். புரதம் 24, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10 என்று போட்டிருக்கிறது. சாம்பல் சத்து, அதாவது "ஆஷ்", போடாவிட்டால் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 58. நூறில் கழித்தால் மிச்சம் 42 சதம் மாவுச்சத்து. கலோரி போடாத பைக்கும் இதே போலக் கணக்கு உண்டு: புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 84, 147, 102; ஆக நூறு கிராமுக்கு 333 கிலோ கலோரி. இந்தக் கலோரிக் கணக்கைப் பை மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாம் இடம், "இன்கிரீடியன்ட்ஸ்". எடை அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசையில் எழுதியிருப்பார்கள். இதில்தான் ஏமாறும் இடங்கள் அதிகம். "ஃப்ரெஷ் சிக்கன்" என்று முதலில் இருந்தால் அதன் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். காய்ந்த பிறகு அது பட்டியலில் கீழே இறங்கிவிடும். "சிக்கன் மீல்" என்பது தண்ணீரும் கொழுப்பும் எடுத்த கோழித்தூள். பெயரைக் கேட்டால் மட்டமாகத் தோன்றினாலும் புரதம் செறிந்தது. முதல் மூன்று பொருளில் இன்ன பிராணி என்று பெயர் சொன்ன இறைச்சித்தூள் இருந்தால் நல்ல அறிகுறி. வெறும் "மீட் அண்ட் மீட் பை-புராடக்ட்ஸ்" என்று பிராணியின் பெயர் சொல்லாமல் போட்டிருந்தால், ஒரு பையில் ஒன்றும் அடுத்த பையில் வேறொன்றும் இருக்கலாம். ஒவ்வாமை உள்ள நாய்க்கு அது சரிப்படாது. மூக்கு நுணுக்கமான நாயும் அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளும்.

மக்காச்சோளத்தை "கார்ன்", "கார்ன் குளூட்டன் மீல்", "மெய்ஸ்" என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போகும், கோழி மேலே வந்து நிற்கும். சேர்த்துப் பார்த்தால் சோளம்தான் அதிகம். சோயா, குளூட்டன் (தானியப் புரதம்) போன்றவை புரதச் சதத்தை உயர்த்திக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதற்காகத் தானியம் என்றாலே கெடுதல் என்று நினைக்க வேண்டாம். சோறு தின்று வளர்ந்த நாய்கள் நம் ஊர் முழுக்க இருக்கின்றன. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு அதிகம் என்று 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதினார்கள். "கிரெய்ன் ஃப்ரீ" என்ற தானியமில்லாப் பை விலையும் அதிகம். பட்டாணி, பருப்பு வகைகளைக் கொட்டிச் செய்யும் அத்தகைய உணவுக்கும் நாயின் இதயம் தளர்ந்து பெருக்கிற நோய்க்கும் தொடர்பு இருக்கலாமா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் விசாரணையைத் தொடங்கியது. உறுதியான முடிவு வரவில்லை. மருத்துவர் சொல்லாமல் அதைத் தேடிப் போக ஒரு காரணமும் இல்லை.

சைவ வீடுகளுக்கு ஒரு வார்த்தை. முட்டை, இறைச்சி இல்லாத பையும் கடையில் கிடைக்கிறது. முழுச்சத்து என்ற வரி இருந்தால் வளர்ந்த, ஆரோக்கியமான நாய் அதில் வாழும். குட்டிக்கும் சினை நாய்க்கும் அதை நான் சொல்ல மாட்டேன்.

சாரல் ஊரில் பை வாங்கும் விதம்

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனி வருவது நமக்கென்று உள்ளது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே வருவதால் ஜூன் தொடங்கிச் சாரல் பிடித்துக்கொள்கிறது. அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு மழை. கணவாய்க்கு மேற்கே தென்மலை, புனலூர்ப் பக்கம் ஈரம் இன்னும் அதிகம். டப்பாவைச் சரியாக மூடாவிட்டால் முறுக்கு ஒரு ராத்திரியில் நமத்துப்போகும் ஊர் இது. பத்து சதம் ஈரத்தோடு இருக்க வேண்டிய நாய் உணவுக்கும் அதே கதிதான்.

நமத்துப்போனால் மொறுமொறுப்பு மட்டும் போவதில்லை. மேல்பூச்சுக் கொழுப்பு காற்றுப் பட்டுக் காறிப்போகும். நமக்குத் தெரியாத காறல் வாடை நாய்க்கு முதலில் தெரியும். போன வாரம் வரை தின்ற பையை இந்த வாரம் ஒதுக்குகிறது என்றால் நாயைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு கை உணவை எடுத்து மோந்து பாருங்கள். பழைய எண்ணெய் வாடை அடித்தால் நாய் சொல்வதுதான் சரி. அதற்கும் மேல், சோளம், கடலைப் பிண்ணாக்கு போன்றவற்றில் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். கல்லீரலை அழிக்கும் நஞ்சு அது, சூடாக்கினாலும் போகாது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் இந்த நஞ்சு கலந்த நாய் உணவைத் தின்று பல நாய்கள் இறந்து, பைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. பூசணம் தெரிந்த பையை மேலாக அள்ளி எறிந்துவிட்டு அடியில் இருப்பதைப் போடலாம் என்று நினைக்காதீர்கள். முழுப் பையும் குப்பைக்குத்தான்.

ஆகவே லூஸில் வாங்காதீர்கள். இருபது கிலோ மூட்டையை வாய் திறந்து வைத்து, அரை கிலோ, ஒரு கிலோ என்று நிறுத்துக் கொடுக்கும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. விலை குறைவாகத் தெரியும். ஆனால் அந்த மூட்டை எப்போது திறந்தது, பையில் என்ன எழுதியிருந்தது, எந்தத் தேதியில் தயாரானது என்று எதுவும் உங்கள் கைக்கு வராது. பசிக்கு எதையும் தின்கிற நாய் அதைத் தின்றுவிடும். ருசி பார்க்கிற நாய்க்குக் கட்டாயம் ஆகாது. மூடிய பையாகக் கேளுங்கள். "அண்ணாச்சி, இது எப்ப பேக் பண்ணுனது, புது சரக்கு இருக்கா?" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். தயாரித்துச் சில மாதங்களுக்குள் உள்ளதை எடுங்கள். பையைக் கொஞ்சம் அமுக்கிப் பார்த்து, ஓட்டை வழியாகக் காற்று போகிறதா என்றும், அடிப்பக்கம் எண்ணெய் கசிந்த கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொரு சின்ன விஷயம்: "பெடிகிரி குடுங்க" என்று பொதுவாகக் கேட்டால் அந்த ஒரு கம்பெனிப் பைதான் கைக்கு வரும். நீங்கள் தேர்ந்த பையின் பெயர், வயது, கிலோ மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.

எந்த அளவுப் பை? திறந்த பை நாலு முதல் ஆறு வாரத்துக்குள் முடிய வேண்டும்; மழை மாதங்களில் நாலு வாரம்தான் கணக்கு. 6 கிலோ நாய் தினம் 120 கிராம் சாப்பிட்டால் மாதம் 3.6 கிலோ ஆகும், அதற்கு 3 கிலோப் பை. சலுகை விலை என்று 10 கிலோ வாங்கினால் பாதியிலேயே காறிவிடும். வீட்டுக்கு வந்ததும் உணவைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டாதீர்கள். பையோடு அப்படியே இறுக்கமான மூடி உள்ள டப்பாவுக்குள் இறக்கி, எடுக்கிற ஒவ்வொரு முறையும் காற்றை அமுக்கி வாயைச் சுருட்டிக் கிளிப் போடுங்கள். பையின் உள்பூச்சு கொழுப்பைக் காக்கத்தான் இருக்கிறது, தயாரிப்பு எண்ணும் உங்கள் கையில் இருக்கும். வாளியில் கொட்டினால் அடியில் ஒட்டிய பழைய எண்ணெய் புதுச் சரக்கையும் கெடுக்கும். டப்பாவைத் தரையிலிருந்து உயர்த்தி, அடுப்படிச் சூடு படாத இடத்தில் வையுங்கள்.

எவ்வளவு போட வேண்டும், எவ்வளவு செலவாகும்

கால்நடை மருத்துவர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருக்கத் தேவையான கலோரி வரும். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6-ஆலும், செய்யாததற்கு 1.8-ஆலும் பெருக்க வேண்டும். கணக்கு வேண்டாம் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கருத்தடை செய்த நாய் 6 கிலோ என்றால் 430, 10 கிலோ என்றால் 630, 20 கிலோ என்றால் 1,060 கிலோ கலோரி. நூறு கிராமுக்கு 350 கிலோ கலோரி உள்ள உணவானால் முறையே 120, 180, 300 கிராம். பையில் போட்டிருக்கும் அட்டவணை பல நேரம் இதைவிடத் தூக்கலாக இருக்கும். "பையில சொன்ன அளவு சாப்பிட மாட்டேங்குது" என்று வருத்தப்படுகிறவர்கள், நாயின் இடுப்பைத் தடவிப் பாருங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டு, மேலிருந்து பார்த்தால் இடுப்பு குறுகித் தெரிந்தால் அது போதுமான அளவு சாப்பிடுகிறது. சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு இது முக்கியம். அவை ஓடிப் பிடிக்கும் வேட்டை நாய்கள், கடைசி விலாக்கள் கண்ணுக்கே தெரிவது அவற்றின் இயல்பு. லாப்ரடாரோடு ஒப்பிட்டு, இளைத்துவிட்டது என்று திணிக்காதீர்கள்.

விலையை கிலோவுக்கு ஒப்பிடுவதும் தப்புக் கணக்கு. கிலோ 300 ரூபாய்ப் பையில் நூறு கிராமுக்கு 330 கிலோ கலோரி, கிலோ 420 ரூபாய்ப் பையில் 400 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ நாய்க்கு முதல் பையில் தினம் 321 கிராம், 96 ரூபாய். இரண்டாவதில் 265 கிராம், 111 ரூபாய். கிலோவுக்கு 120 ரூபாய் வித்தியாசமாகத் தெரிந்தது நாளுக்கு 15 ரூபாயில் நிற்கிறது. நாயின் மலமும் குறையும். பையில் பேனாவால் எழுதிய எண் இதற்குத்தான்.

இனி நாயின் நாக்குக்கு வருவோம்

பின்பக்கம் படித்துத் தேறிய இரண்டு அல்லது மூன்று பைகளை மட்டும் போட்டிக்கு வையுங்கள். சின்னப் பாக்கெட் கிடைத்தால் அதை வாங்குங்கள். இரண்டு கிண்ணத்தில் ஒரே அளவு போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதை முதலில் தொடுகிறது, எதை முடிக்கிறது என்று பாருங்கள். மறுநாள் கிண்ணங்களை இடம் மாற்றி வையுங்கள். சில நாய்கள் எப்போதும் ஒரே பக்கம்தான் போகும். முதல் நாள் முடிவை நம்பாதீர்கள். புதுசு என்பதற்காகவே பாய்கிற குணம் நாய்க்கு உண்டு. நாலைந்து நாள் தொடர்ந்து சாப்பிடுவதைத் தேர்ந்தெடுங்கள். உருண்டையின் அளவையும் பாருங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்குத் தட்டையான சின்ன வில்லைதான் வாயில் சிக்கும். பல் போன கிழட்டு நாய்க்கு ஊறவைத்துத்தான் போட வேண்டும்.

தேர்ந்த பிறகு ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், அதோடு அந்த உணவின்மேல் வெறுப்பும் வந்துவிடும். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது. அப்புறம் பாதிக்குப் பாதி. அப்புறம் முக்கால். ஏழு முதல் பத்து நாளில் முழுதும் புதியது. சோற்றிலிருந்து மாற்றுகிறவர்களும் இப்படித்தான்: உலர் உணவை ஊறவைத்து மசித்துச் சோற்றோடு பிசைந்து, சோற்றைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மலம் இளகினால் அந்தக் கட்டத்திலேயே இரண்டு நாள் நில்லுங்கள்.

பழக்கும் முறை ஒன்று உண்டு, அது இரக்கமில்லாதது போலத் தோன்றும், ஆனால் நாய்க்குக் கெடுதல் செய்யாது. காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, அதே இடம், அதே நேரம். கிண்ணத்தை வைத்து இருபது நிமிடம் பொறுங்கள். கெஞ்ச வேண்டாம், ஊட்ட வேண்டாம், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். சாப்பிடாவிட்டால் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். ஒதுக்கினால் கோழி வரும் என்று அதற்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அந்தப் பாடத்தை மறக்கச் சில நாள் ஆகும். இது ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்கு மட்டும். குட்டிக்கும், மிகச் சின்ன ஜாதிக்கும், சர்க்கரை நோய் உள்ளதற்கும், மருந்து சாப்பிடுவதற்கும் இந்த முறையைச் செய்யக் கூடாது. முதலில் சொன்ன ஒரு நாள் கணக்கு இங்கேயும் செல்லும்: முழுசாக ஒரு நாள் எதையும் தொடாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

நாயின் நாக்கில் சுவை மொட்டுகள் சுமார் 1,700, நமக்கு 9,000. அதற்குச் சாப்பாட்டு ருசியில் பெரும்பங்கு மூக்கில். எனவே ருசி கூட்டுவது என்றால் வாசனையைக் கிளப்புவதுதான். வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிடம் விட்டாலே பல நாய்களுக்குப் போதும். கொதிநீர் வேண்டாம், சில வைட்டமின்கள் சூட்டில் கெடும். அடுத்தது உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் கோழி வேகவைத்த தண்ணீர். எங்கள் பக்கம் சாளை மலிவாகக் கிடைக்கும் நாளில், குக்கரில் முள் கரையும் வரை வேகவைத்து, ஒரு மீனை மசித்து முழு உணவிலும் ஒட்டும்படி பிசையலாம். மத்தி என்பதும் இதுதான். மேலாக வைத்துவிட்டால் மீனை மட்டும் பொறுக்கித் தின்றுவிடும், பிசைந்தே ஆக வேண்டும். பச்சை மீன் வேண்டாம். கிரேவிப் பாக்கெட்டும் ஒரு ஸ்பூன் கலக்கலாம். முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் அதில் புரதம் 8 சதம் என்று குறைவாகத் தெரியும், பயப்பட வேண்டாம். மேலே சேர்ப்பது எதுவானாலும் அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். ஒரு மாதத்தில் அதையும் மெல்லக் குறையுங்கள்.

ஊறவைத்த உணவை இந்த ஈரக்காற்றில் அரை மணிக்கு மேல் விடாதீர்கள், புளித்துவிடும். எறும்பு ஏறாமல் கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். எறும்பு மொய்த்ததை நாயும் ஒதுக்கும், அதையும் அடம் என்று நினைத்துவிடுகிறோம். ஒவ்வொரு வேளையும் கிண்ணத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து வாடை தங்கும், எவர்சில்வர் நல்லது.

மாதம் ஒருமுறை எடை பாருங்கள். சின்ன நாயைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடலாம். பெரிய நாயை உரக்கடை, அரிசிக்கடைத் தராசில் நிறுத்திக் கொடுக்கச் சொன்னால் கொடுப்பார்கள். அந்த எடையைப் பை வாங்கிய தேதியோடு சேர்த்துக் காலண்டரில் குறித்துவையுங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால், கிண்ணம் தினமும் காலியானாலும், அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.